வலது துளைக்காக ஒரு ஜெப விண்ணப்பம்

என் மனைவியின் அண்ணனுக்குத் தலைவலி வர வேண்டும் என்று போன லெந்து காலம், ஈஸ்டருக்கு முந்தைய நோன்பு நாட்கள் முழுக்க ஜெபித்தவன் நான். நாற்பது நாளும் மீன் தொடவில்லை. வீட்டில் அதைப் பக்தி என்று நினைத்துக்கொண்டார்கள். இனயத்திலிருந்து மீன் கொண்டுவரும் அக்கா மட்டும், “சாருக்கு மனசுல என்னவோ பெரிய வேண்டுதல் கெடக்கு” என்றாள். கிடந்தது.

அதற்கு இரண்டு மாதம் முன்பு எனக்கும் தலைவலி வந்தது. நாகர்கோவிலில் ஸ்கேன் எடுத்தேன். கோளாறு ஒன்றுமில்லை. அறிக்கையின் கடைசியில் மட்டும் ஒரு வரி: மண்டையோட்டின் அடியில், மூளையின் ரத்தம் கழுத்துக்கு இறங்கும் ஜுகுலர் துளை வலப்பக்கம் பெரிது, இடப்பக்கம் சிறிது, இது இயல்பான வேறுபாடு. டாக்டர், படுத்துக்கொண்டு புத்தகம் படிக்காதீர்கள் என்று சொல்லி அனுப்பிவிட்டார்.

அந்த அறிக்கையை நான் கொண்டுபோய் அத்தானிடம் காட்டினேன். என் புத்தி அவ்வளவுதான். மனைவியின் அண்ணனைத்தான் அத்தான் என்கிறேன். இருபது வருடம் கல்ஃபில் ஒரு ஆஸ்பத்திரியில் இருந்தவர். துணி வெளுக்கும் பிரிவில். இருந்தாலும், கொட்டாரம் ஊர் வரைக்கும் எங்கள் சபையார் எந்த அறிக்கையையும் முதலில் அவரிடம்தான் நீட்டுவார்கள். படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து, ‘ம்’ என்பார்.

வெள்ளிக்கிழமை அவர் வீட்டில் ஜெபக்கூட்டம். முடிவதற்கு முன்பு விண்ணப்பங்கள் கேட்பார்கள். ஒருவர் மகனின் விசா சொன்னார், ஒருவர் மகளின் பரீட்சை சொன்னார். அத்தான் எழுந்தார்.

“நம்ம மாப்பிளைக்கு மண்டைக்க அடியில ஒரு ஓட்டை கண்டிருக்கு. வலது பக்கம் நல்ல பெருசு. கர்த்தர் அதை அடைச்சுத் தரணும்.”

‘இயல்பான வேறுபாடு’ என்ற இரண்டு சொற்களை அவர் வாசிக்கவே இல்லை. முப்பது பேர் கண்ணீரோடு வேண்டினார்கள். கர்த்தர் கேட்டு அடைத்திருந்தால் ரத்தம் இறங்க வழி போதாமல் அந்த நாற்காலியிலேயே என் கதை முடிந்திருக்கும். விளக்கலாம் என்று வாயைத் திறந்தேன். பக்கத்தில் இருந்தவர் என் தலையில் கைவைத்து அழுத்திவிட்டார்.

ஞாயிறு காலை போதகர் என்னைத் தனியே அழைத்தார். “அண்ணே, கொஞ்ச நாளைக்கு நீங்க பாடம் வாசிக்காண்டாம். தலை விஷயமில்லியா, சூட்சிச்சு கவனமா இருக்கணும்.”

பத்தொன்பது வருடமாக எங்கள் சபையில் ஞாயிறு ஆராதனைக்கு வேதபாடம் வாசித்தவன் நான். பாட்டு வராது, கமிட்டித் தேர்தலில் இரண்டு முறை தோற்றிருக்கிறேன். பத்துப் பேர் நடுவே நான் நிமிர்ந்து நிற்கிற இடம் அது ஒன்றுதான். அங்கே அன்று அத்தான் நின்றார். ஆஸ்பத்திரியில் டோக்கன் நம்பர் கூப்பிடுகிற குரலில் வம்சவரலாறு வாசித்தார்.

அன்று மதியமே உடற்கூறு புத்தகம் ஒன்றை இரவல் வாங்கினேன். மண்டையோட்டின் அடித்தளத்தில் ஓட்டைக்குக் குறைவே இல்லை. சிலருக்கு உள்ள துளை சிலருக்கு இராது. வலப்பக்கம் இருப்பது இடப்பக்கம் இராது. ஜுகுலர் துளை பெரும்பாலானவர்களுக்கு வலப்பக்கமே பெரிது. அப்படியானால் அத்தானுக்கும் பெரிதாகத்தான் இருக்கும். நிரூபிக்க ஸ்கேன் வேண்டும். ஸ்கேனுக்குத் தலைவலி வேண்டும். லெந்து காலமும் வந்தது.

ஈஸ்டர் கழிந்த செவ்வாய், குலசேகரத்து ரப்பர் தோட்டத்திலிருந்து அத்தான் தலையைப் பிடித்துக்கொண்டு திரும்பினார். பெற்ற தகப்பனைக்கூட நான் அத்தனை பாசமாகக் காரில் ஏற்றியதில்லை.

“மாத்திரை போட்டாப் போரும் மாப்ளே.”

“தலையாக்கும் அத்தான். விளையாடப்பிடாது.”

சைனஸில் நீர், அவ்வளவுதான். ஸ்கேன் டாக்டரம்மாவிடம் ஜுகுலர் துளையை மட்டும் தனியாகப் பார்க்கச் சொன்னேன். “ரெண்டும் ஒரே அளவு சார். அச்சுல வார்த்த மாதிரி இருக்கு” என்றார். என் நாற்பது நாள் மீனும் போயிற்று. வீடு வரும்வரை அத்தான் வாய் ஓயவில்லை. “கண்டியா மாப்ளே? நமக்கு எல்லாம் கரெக்டாக்கும்.”

வயிற்றெரிச்சலோடு புத்தகத்தை மறுபடி புரட்டினேன். இரு துளைகளும் சமமாக இருப்பது சிலருக்கே. மூன்று முறை வாசித்தேன்.

வெள்ளிக்கிழமை விண்ணப்ப நேரத்தில் நான் எழுந்தேன். “அத்தானுக்கும் ஸ்கேன் எடுத்தாச்சு. மண்டைக்க அடியில ரெண்டு பக்கமும் ஓட்டை. ரெண்டும் ஒரே அளவு. கொஞ்சம் பேருக்குத்தான் இப்படி இருக்குமாம். புத்தகத்துல போட்டிருக்கு.” ஒரு சொல்லும் பொய்யில்லை.

“அய்யோ, ரெண்டா!” என்றார் என் தலையை அழுத்தியவர்.

“அது எல்லாருக்கும் உள்ளதாக்கும்!” என்று அத்தான் துள்ளினார். அன்று எனக்காகச் சொல்லாமல் விட்ட அதே விஷயம். சொல்லி முடிப்பதற்குள் அந்தக் கை அவர் தலையில் இறங்கிவிட்டது. நான் கண்ணை மூடி ஆமென் சொன்னேன். அவ்வளவு உருக்கமாக அதற்குமுன் சொன்னதில்லை.

ஞாயிறன்று நாங்கள் இருவரும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். போதகர் எங்கள் இருவரையும் விட்டுவிட்டு, ஓய்வுபெற்ற டீச்சர் ஒருவரை வாசிக்கச் சொல்லியிருந்தார். நிதானமாக வாசித்து முடித்தார்.

வெளியே செருப்பு மாட்டும்போது என் மனைவி அத்தானின் மனைவியிடம் சொன்னாள்: “இன்னைக்குத்தான் மைனி பாடம் என்னதுன்னே வெளங்குச்சு. இவிய ரெண்டு பேருக்கும் ஓட்டை அப்படியே இருக்கட்டும்.”