தேயிலைச் சாயத்தில் எழுதிய வரிகள்

ரிங்லெட் என்ற மலையூருக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் பாலர் பள்ளி ஆசிரியை நான். எழுத்தைத் தொடங்குமுன் பிள்ளைகளைப் படம் வரைய விடுவேன். அதற்குச் சாயம் வாங்க வேண்டியதில்லை. தேயிலைத் தூளைக் கெட்டியாகக் கொதிக்க வைத்தால் நல்ல பழுப்பு கிடைக்கும். காய்கறிப் பெட்டி அட்டைதான் தாள்.

ஆறு வயதுச் சிறுமி ஒருத்தி இருந்தாள். வீட்டில் வாய் ஓயாதாம். வகுப்பில் பத்து மாதமாக ஒரு சொல் இல்லை. எழுத்தும் எழுத மாட்டாள். படம் வரைவாள், அதன் கீழே நெளிநெளியாக நாலைந்து வரி இழுத்துவைப்பாள். "கிறுக்காதே, எழுத்த எழுது" என்று எத்தனையோ தடவை எரிந்து விழுந்திருக்கிறேன். எனக்குப் பொறுமை கொஞ்சம் மட்டு.

வருஷக் கடைசியில், அவளைப் பின்தங்கிய பிள்ளைகளுக்கான சிறப்பு வகுப்புக்கு அனுப்பலாம் என்று விண்ணப்பப் பாரம் எழுதி, கையெழுத்துப் போட அவள் அம்மாவை வரச் சொன்னேன். கொழுந்து எடுத்த கையோடு, ரப்பர் பூட்ஸுடன் வந்தார். முகம் செத்துப் போயிருந்தது.

"வீட்ல நல்லா பேசுவாளே டீச்சர். ஒன்னுமே எழுத மாட்டேங்கிறாளா?"

"நீங்களே பாருங்கம்மா, வெறும் கிறுக்கல்" என்று அவள் வரைந்த அட்டையை நீட்டினேன்.

அவர் அட்டையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"இல்ல டீச்சர். இது எங்க தேயில நெரை மாதிரி இருக்கு. ஒரு நெரைய எடுத்து முடிச்சா, மறுபடி ஆரம்பத்துக்கா நடந்து போவோம்? அங்கயே திரும்பி அடுத்த நெரைய எடுத்துக்கிட்டு வருவோம். இவளும் அப்படித்தான் லா வந்திருக்கா."

வாங்கிப் பார்த்தேன். முதல் வரி இடப்பக்கம் கரும்பழுப்பாகத் தொடங்கி, தூரிகை காயக் காய வலப்பக்கம் வெளிறியிருந்தது. இரண்டாவது வரி வலப்பக்கம் கரும்பழுப்பு, இடப்பக்கம் வெளுப்பு. மூன்றாவது மறுபடி இடமிருந்து. இத்தனை மாதம் கண்ணெதிரே கிடந்தும் எனக்குத் தெரியவில்லையே!

கதவோரம் நின்ற சிறுமியைக் கூப்பிட்டுப் பக்கத்தில் உட்காரவைத்தேன். "நான் வாசிக்கவா?" என்று முதல் வரியில் விரலை ஓட்டினேன். படத்தில் மலையும் ஒரு பெண்ணும் இருந்ததால், "அம்மா மலைக்குப் போனாங்க" என்று ஊகமாகச் சொன்னேன். மறுப்பில்லை. பழக்கதோஷம், இரண்டாவது வரிக்கும் விரலை இடப்பக்கமே கொண்டுபோனேன். சின்னக் கை ஒன்று அதைப் பிடித்து வலக்கோடிக்கு இழுத்தது.

"அங்க இல்ல டீச்சர். இங்கேருந்து."

அவள் அம்மா வாயைப் பொத்திக்கொண்டார். சிறுமி என் விரலை விடாமலே மிச்சத்தைத் தானே வாசித்தாள்.

"பனி மூடிருச்சு. அம்மாவ காணோம். நான் கூப்பிட்டேன். அம்மா வந்துட்டாங்க."

இன்னொரு தடவை வாசிக்கச் சொன்னேன். அதே வரியில் அதே சொல், ஒன்றும் பிசகவில்லை.

அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு, "கையெழுத்து எங்க போடணும் டீச்சர்?" என்று கேட்டார். பாரத்தைக் கிழித்துக் குப்பையில் போட்டேன். அன்று அந்த வகுப்பில் பேசாமல் உட்கார்ந்திருந்தவள் நான்தான்.