கல்லறைகளுக்கு நடுவே ஒரு மதியச் சாப்பாடு

1. ஒருவரும் தட்டைத் தொடவில்லை

ரோம் நகரத்துக்கு வெளியே, பழைய ஆப்பியா சாலையோரத்தில் ஒரு தோட்டம். மேசை நிறையச் சாப்பாடு. பாலாடைக்கட்டியும் மிளகும் போட்ட பாஸ்தா, எண்ணெயில் வாட்டிய ஆர்டிசோக் மொட்டு, அப்போதுதான் அடுப்பிலிருந்து எடுத்த ரொட்டி. மெல்பர்னிலிருந்து நான் கூட்டி வந்த குரூப் சுற்றி உட்கார்ந்திருக்கிறது. ஒருவரும் தட்டைத் தொடவில்லை. வீட்டுக்காரி லூச்சியா கையில் கரண்டியோடு என்னைப் பார்க்கிறார். நான் வானத்தைப் பார்க்கிறேன்.

டூர் தொழிலுக்கு வர நினைக்கும் பிள்ளைகள் என்னிடம் "எங்கெல்லாம் போயிருக்கீங்க?" என்றுதான் கேட்கிறார்கள். எங்கே மாட்டிக்கொண்டீர்கள் என்று கேட்டால் அவர்களுக்குப் பயன் அதிகம். கேட்காவிட்டாலும் சொல்கிறேன்.

நான் மலேசியாவில் கிள்ளானில் பிறந்தவள். மெல்பர்னுக்குப் படிக்க வந்து, அங்கே டண்டினொங் பகுதியில் ஒரு டிராவல் ஏஜென்சியின் டிக்கெட்டிங் கவுண்டரில் உட்கார்ந்தவளுக்கு அங்கேயே தலை நரைத்தது. ஊரையெல்லாம் விமானம் ஏற்றி அனுப்பிவிட்டு நான் மட்டும் ரயில் பிடித்து வீட்டுக்குப் போவேன். டூர் மேனேஜராக வேண்டும் என்று முதலாளி ரவியை நச்சரித்துக்கொண்டே இருந்தேன். கடைசியில் அவர் இறங்கி வந்தார்.

"சரி ரீத்தா. ரோமில அந்தப் பழைய ரோட்டு ஃபுட் டூரை நீங்களே டிசைன் பண்ணி, நீங்களே கூட்டிக்கொண்டு போங்கோ. ஆக்கள் சந்தோசமா வந்தா இத்தாலி லைன் முழுக்க உங்களுக்குத்தான். கம்ப்ளெயின்ட் வந்தா திரும்பக் கவுண்டர். ஓமோ?"

"ஓம்" என்றேன். யாழ்ப்பாணத்தாரோடு வேலை செய்து எனக்கும் அது ஒட்டிக்கொண்டது.

2. லூச்சியாவின் சாலை

லூச்சியா லைசென்ஸ் வாங்கிய உள்ளூர் கைடு. வீடும் அந்தச் சாலையிலேயே. காலையில் சாலையைச் சுற்றிக் காட்டுவார். மதியம் அண்ணன் சமைத்ததைத் தன் தோட்டத்தில் பரிமாறுவார். எப்போது எங்கே என்ற ஐட்டினரரியை நாங்கள் இருவரும் போனில் பேசிப் பேசிப் போட்டோம். எனக்கு அது தங்கம் போலத் தெரிந்தது.

அவர் எங்களை நடத்திக் கூட்டிப்போன விதம் இன்னும் கண்ணில் நிற்கிறது. பெரிய பெரிய கருங்கற்கள், இரண்டு பக்கமும் குடை விரித்த பைன் மரங்கள். கல்லில் வண்டிச் சக்கரம் ஓடித் தேய்ந்த தடத்தில் எங்களைக் கை வைத்துப் பார்க்கச் சொன்னார். "இந்த வண்டிக்காரனுடைய மாடு இடது பக்கமே இழுத்திருக்கிறது, பாருங்கள்" என்றார். அது உண்மையோ, அவர் விட்ட சரடோ தெரியாது. ஆனால் வரலாறு என்றால் கொட்டாவி விடும் அங்கிள்மாரெல்லாம் முட்டி வலியை மறந்து குனிந்து பார்த்தார்கள்.

ரோமர் தங்கள் நகரத்துக்குள் பிணம் புதைக்கக் கூடாது என்று சட்டம் வைத்திருந்தார்கள். அதனால் ஊருக்கு வெளியே சாலையின் இரு பக்கமும் கல்லறைகள். ஒவ்வொரு கல்லறைக்கும் லூச்சியாவிடம் ஒரு கதை இருந்தது. முடிவில் நிலத்துக்கு அடியில் இறக்கி, சுவர் முழுக்கப் பிணம் வைத்த மாடங்களைக் காட்டினார். எல்லோரும் வாயைப் பிளந்து பார்த்தார்கள். நான் மனத்துக்குள் இத்தாலி லைனை வாங்கியே விட்டேன்.

அங்கிருந்து நேரே சாப்பாட்டு மேசைக்கு வந்தோம்.

3. குளிக்கவேணும்

குரூப்பில் மூத்தவர், மெல்பர்னில் கிளென் வேவர்லி பகுதியில் இருக்கும் சிவபாக்கியம் அன்ரி. ஓய்வு பெற்ற நர்ஸ். மருமகனோடு வந்திருந்தார்.

"அன்ரி, ஆறிப் போகுது. சாப்பிடுங்க" என்றேன்.

"எப்பிடிச் சாப்பிடுறது பிள்ளை? விடிய இருந்து சுடலைக்குள்ளதானே நிண்டனாங்கள். குளிக்கவேணும். ஹோட்டலுக்குப் போய்த்தான் சாப்பாடு எண்டு நினைச்சன்."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. நான் கத்தோலிக்கக் குடும்பம். கிள்ளானில் கல்லறைத் திருநாளன்று மெழுகுவர்த்தி ஏற்றிவிட்டு, கல்லறைத் தோட்டத்துக் கேட்டுக்கு வெளியிலேயே நாசி லெமாக், தேங்காய்ப்பால் சோற்றுப் பொட்டலம் வாங்கிப் பிரிப்போம். இங்கே என் குரூப் முழுக்க யாழ்ப்பாணத்துச் சைவர்கள். அவர்களுக்குக் காலையெல்லாம் சுடுகாட்டைச் சுற்றிக் காட்டிவிட்டு, நடுவிலே இலையும் போட்டிருக்கிறேன்!

மருமகன் மெதுவாகச் சொன்னார். "மாமி, இது ரெண்டாயிரம் வருசத்துக்கு முந்தின சுடலை."

"சுடலைக்கு எக்ஸ்பயரி டேட் இருக்கோ தம்பி?"

மருமகன் எடுத்த ஃபோர்க்கைத் திரும்ப வைத்தார். மற்றவர்களுக்கும் பசிதான். ஆனால் அன்ரி அப்படி உட்கார்ந்திருக்க, யார் முதலில் வாயில் வைப்பது?

ஹோட்டலுக்குத் திரும்பக் கோச் பஸ்ஸில் வெகுநேரம் ஆகும். அன்ரிக்கோ இனிப்பு நீர், சர்க்கரை நோய். காலை மாத்திரையைப் போட்டிருந்தார். நேரத்துக்குச் சாப்பிட்டே ஆக வேண்டும். நெற்றி வியர்த்து, விரல்கள் நடுங்கத் தொடங்கியிருந்தன. ஜூஸை நீட்டினேன். "நான் நர்ஸ், பிள்ளை. என்ன நடக்கும் எண்டு எனக்குத் தெரியும். எண்டாலும் ஏலாது" என்று தள்ளிவிட்டார். எனக்கு ரவியும் கவுண்டரும் மறந்தே போயின. இந்த மனுஷி மயங்கி விழுந்துவிடக் கூடாதே என்ற பயம் ஒன்றுதான் இருந்தது.

லூச்சியாவின் முகம் சுருங்கிவிட்டது. "சாப்பாட்டில் ஏதாவது பிழையா?" என்று ஆங்கிலத்தில் கேட்டார். விஷயத்தைச் சொன்னேன். அவருடைய சாலையை நான் சுடுகாடு என்று சொல்ல வேண்டியிருந்தது. கூசியது.

அவர் ஒரு வார்த்தை வாதாடவில்லை. "குளித்தால் சாப்பிடுவாரா?" என்று மட்டும் கேட்டார். அண்ணனுக்கு இத்தாலிய மொழியில் குரல் கொடுத்தார். அண்ணன் ஆர்டிசோக் பாத்தியில் கிடந்த தண்ணீர்க் குழாயை இழுத்து வந்தார். லூச்சியா கொடிக்கயிற்றில் இரண்டு படுக்கை விரிப்புகளைப் போட்டு மறைப்புக் கட்டி, தன் நைட் கவுனையும் துவாய்களையும் கொண்டுவந்து கொடுத்தார்.

"ஐயோ, குளிருது!" என்று விரிப்புக்குப் பின்னாலிருந்து அன்ரியின் சத்தம் கேட்டது. கொஞ்ச நேரத்தில் பூப்போட்ட கவுன் தரையில் புரள வெளியே வந்தார். லூச்சியா நல்ல உயரம். ஆண்கள் குழாய்க்குக் கீழே தலையைக் கொடுத்தார்கள். பொறியியலாளரான அந்த மருமகன்தான் முதல் ஆள்.

அன்ரி வந்து மேசையில் உட்கார்ந்தார். லூச்சியா பாஸ்தாவை அள்ளிக்கொண்டு வந்தார். அன்ரியின் கை அப்போதும் தட்டுக்குப் போகவில்லை. லூச்சியாவின் கையையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. "இன்னும் என்ன அன்ரி?" என்று சத்தம் போட்டேவிட்டேன்.

லூச்சியாவுக்கு விளங்கிவிட்டது. கரண்டியைக் கீழே வைத்தார். "நானும் உங்களோடுதானே கல்லறைக்குள்ளே வந்தேன்" என்று சொல்லிவிட்டு விரிப்புக்குப் பின்னால் போனார். தண்ணீர் விழும் சத்தம் கேட்டது. வேறு உடுப்பு மாற்றி, தலையிலிருந்து நீர் சொட்டச் சொட்ட வந்து, அன்ரியின் தட்டில் முதல் கரண்டியைப் போட்டார்.

அன்ரி சாப்பிட்டார். இரண்டாம் முறையும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். நடுக்கம் நின்றதும் கை கழுவிவிட்டு எழுந்து, தோளில் கிடந்த துவாயை எடுத்து, "ஈரத் தலையோட நிக்காதேங்கோ. முதல்ல இருங்கோ" என்று தமிழிலேயே சொல்லி, லூச்சியாவைக் கதிரையில் உட்கார்த்தித் தலையைத் துவட்டிவிட்டார். மொழி தெரியாத அந்தப் பெண் குழந்தை மாதிரி தலையைக் குனிந்து கொடுத்தார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. அதற்குப் பிறகு போன எந்த டூரிலும் இப்படி ஒரு கைடை நான் பார்த்ததில்லை.

இத்தாலி லைன் எனக்குக் கிடைத்தது. இப்போதெல்லாம் முதலில் சாப்பாடு, அப்புறம் கல்லறை, அங்கிருந்து நேரே ஹோட்டல்.

வெஜ்ஜா நொன்வெஜ்ஜா என்று கேட்க எல்லோருக்கும் தெரியும். சாப்பிடுவதற்கு முன் என்ன செய்ய வேண்டும் என்றும் கேளுங்கள். கேட்க மறந்துவிட்டால், லூச்சியாவைப் போல உங்கள் தலையையும் நனைக்கத் தயாராக இருங்கள்.