ஒன்றும் வேண்டாம் என்று சொன்னவன்

மனுவை என்னிடம் கொடுத்ததற்கு ஒரே காரணம், நான் பயந்தவன் என்பதுதான். "இவருட்ட குடுத்தா தொலையாது. ராத்திரி மூணு தரம் எந்திரிச்சு வீட்டுப் பூட்ட இழுத்துப் பாக்குற ஆளு" என்றார் என் மதினி. எங்கள் ஊர் மகளிர் குழுவுக்குத் தலைவி அவர்தான். மனுவை எழுதியதும் அவர்தான்.

திருப்புல்லாணிக்குத் தெற்கே எங்கள் ஊர். குடிதண்ணீருக்கு ஓர் ஊரணி. பக்கத்தில் இறால் பண்ணை வந்த பிறகு, அவர்கள் உப்புக் கழிவை விடுகிற வாய்க்கால் ஊரணிக் கரையை உரசிக்கொண்டு போனது. இரண்டே வருடத்தில் தண்ணீர் கரித்துவிட்டது. பெண்கள் தள்ளுவண்டியில் குடங்களை அடுக்கிக்கொண்டு அடுத்த ஊருக்குப் போனார்கள். வாய்க்காலை வேறு பக்கம் திருப்ப வேண்டும். மனுவில் இருந்தது அவ்வளவுதான்.

தேர்தலுக்கு முன்னால் ஒரு நாள் பெரிய தலைவர் எங்கள் சாலை வழியாக ராமநாதபுரம் கூட்டத்துக்குப் போவதாகவும், எங்கள் ஊருக்குச் சாலை பிரிகிற விலக்கில் இரண்டு நிமிடம் வண்டி நிற்குமென்றும் சொன்னார்கள். அவர் ஒரு வார்த்தை சொன்னால் மறுநாளே வாய்க்கால் திரும்பிவிடும். அப்படிப்பட்ட ஆள். நான் காலையிலிருந்தே சாப்பிடவில்லை. மனு இருக்கிறதா என்று சட்டைப் பையைத் தொட்டுத் தொட்டுப் பார்த்ததில் காகிதம் வேர்வையில் நனைந்துவிட்டது.

வண்டி நின்றது. அத்தனை பேரில் தலைவர் என்னைத்தான் பார்த்தார். வெளிறிப்போய் நின்றதால் இருக்கும். கையை நீட்டி என் தோளைத் தொட்டு, "என்ன வேணும், சொல்லுங்க" என்றார்.

"ஒன்னும் வேணாங்கய்யா. உங்களப் பாத்ததே போதும்."

எங்கள் பக்கம் ஒரு வீட்டுக்குப் போனால், காப்பி சாப்பிடுகிறீர்களா என்று கேட்டதும் வேண்டாம் என்பதுதான் மரியாதை. முதல் தரமே சரியென்றால் அலைகிறான் என்பார்கள். இரண்டாம் தரம் கேட்பார்கள், அப்போது வாங்கிக்கொள்ளலாம். என் வாய் அந்தப் பழக்கத்தில் சொல்லிவிட்டது. பைக்குள் கையை விட்டபடி இரண்டாம் தரத்துக்காகக் காத்திருந்தேன். வண்டி போய்விட்டது. தலைவர்கள் இரண்டாம் தரம் கேட்பதில்லை.

அன்று சாயங்காலம் டீக்கடை டிவியில் அவர் பேச்சு ஓடியது. "வருகிற வழியில் ஒரு விவசாயியைக் கேட்டேன். ஒன்றும் வேண்டாம், குறையே இல்லை என்று சொன்னார். இதுதான் நம் ஆட்சி" என்றார். கைதட்டல் அடங்கவே இல்லை. குறையே இல்லை என்று நான் சொல்லவில்லை. ஆனால் அதை யாரிடம் போய்ச் சொல்வது? மறுநாள் பேப்பரில் படமும் வந்தது. என் தோளில் அவர் கை.

எட்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவன் நான். சரித்திரப் பாடத்தில் ராஜா குளம் வெட்டினார், மக்கள் மகிழ்ந்தார்கள் என்று படித்திருக்கிறேன். மகிழ்ந்தோம் என்று அவரிடம் போய்ச் சொன்னது யார் என்று அப்போது கேட்கத் தோன்றவில்லை. என்னைப் போல ஒருவன்தான் இருந்திருப்பான்.

ஊரில் யாரும் சண்டைக்கு வரவில்லை. ஊரணிப் பக்கம் போனால் மட்டும், "தண்ணி எதுக்குத்தா, தலைவரப் பாத்தாலே தாகம் அடங்கிருமாம்ல" என்று ஒருத்தி சொல்ல, மற்றவர்கள் சிரிப்பார்கள். நான் செருப்பைப் பார்த்துக்கொண்டே நடப்பேன்.

அடுத்த திங்கட்கிழமை மதினி புது மனு எழுதி, என்னையும் கூட்டிக்கொண்டு கலெக்டர் ஆபீசுக்குப் போனார். மனுவை வாங்கிய அதிகாரி ஊர்ப் பெயரைப் பார்த்ததும் நிமிர்ந்தார்.

"இந்த ஊர்ல குறையே இல்லேன்னு மேடையிலேயே சொல்லியாச்சே. நான் எப்படிம்மா ஆய்வுக்கு ஆள் அனுப்புறது? தலைவர்ட்ட அப்படிச் சொன்னது யாரு?"

"யாரோ சொல்லிருக்காக சார்" என்றேன். மதினிக்கு முன்னால் என் வாய் முந்திக்கொண்டது.

மதினி என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "அந்த யாரோ இவருதான் சார்."

அதிகாரி பேப்பரில் வந்த படத்தை ஞாபகப்படுத்திக்கொள்வதுபோல என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். கோபப்பட்டிருந்தால் தேவலை. பேனாவை நீட்டி, "அப்ப அதையும் இதுலயே எழுதிக் குடுங்க. அத வச்சு மேல அனுப்பிப் பாக்குறேன்" என்றார்.

பேனாவை வாங்கினேன். தலைவரிடம் ஒன்றும் வேண்டாம் என்று சொன்னது நான்தான், எங்களுக்குத் தண்ணீர் வேண்டும் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். வரிசையில் பின்னால் நின்றவர்கள் எட்டிப் பார்த்துப் படித்தார்கள். என் இடது கை காகிதத்தை மறைக்கப் போனது. மதினி அதைப் பிடித்து எடுத்துவிட்டார்.