ஒரு படி கூட்டி எழுதிய கடிதம்

கொழும்பில் சேவைக் கடிதத்தை முதலாளி எழுதுவதில்லை. வேலையை விட்டுப் போகிறவரே வீட்டிலிருந்து எழுதிக்கொண்டு போவார். முதலாளி வாசித்தும் வாசிக்காமலும் கையெழுத்துப் போட்டு சீல் குத்திக் கொடுப்பார். எழுதும்போது ஆளை ஒரு படி கூட்டி எழுதுவதும் வழக்கம். பியோன் அலுவலக உதவியாளராகிவிடுவார், கிளார்க் எக்ஸெகியூட்டிவ் ஆகிவிடுவார். இதை யாரும் பொய் என்று நினைப்பதில்லை, போகிற மனிதருக்குச் செய்யும் மரியாதை என்றுதான் நினைக்கிறோம். வெள்ளவத்தையில் ஒரு காப்புறுதி அலுவலகத்தில் வேலை செய்கிற நான் எத்தனையோ பேருக்கு இப்படி எழுதிக் கொடுத்திருக்கிறேன். என் ஆங்கிலத்தில் எனக்குக் கொஞ்சம் திமிர் உண்டு.

என் கணவர் வெல்டர். கொச்சிக்கடையில், துறைமுகத்து லொறிகளைப் பழுது பார்க்கும் ஒரு வேர்க்ஷொப்பில் பதினெட்டு வருடமாக வேலை. ஹட்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றிலிருந்து சின்ன வயதிலேயே கொழும்புக்கு வந்தவர். நான் யாழ்ப்பாணத்துக் குடும்பம். விரும்பிக் கட்டிக்கொண்டு கொட்டாஞ்சேனையில் குடியிருக்கிறோம். கல்யாணத்துக்குப் பிறகு அக்கா இரண்டு வருடம் என்னோடு கதைக்கவில்லை. கதைக்கத் தொடங்கிய பிறகும் அவளுடைய வெள்ளவத்தை வீட்டு விசேஷங்களில் யாராவது, அவருக்கு என்ன வேலை என்று கேட்டால், எஞ்சினியரிங் பக்கம் என்று நான் முந்திக்கொண்டு சொல்லிவிடுவேன். அவர் பக்கத்தில் நின்று வடை தின்றுகொண்டிருப்பார். ஒரு நாளும் என்னைத் திருத்தியதில்லை. எனக்கு அது வசதியாக இருந்தது.

நாட்டில் பொருளாதார நெருக்கடி வந்து, தெரிந்தவர்களில் பாதிப் பேர் வெளிநாடு போன பிறகு எங்களுக்கும் ஒரு வழி திறந்தது. அவரோடு முன்பு வேலை செய்த ஒருவர் அவுஸ்திரேலியாவில், ஒரு சிறிய ஊரில், டிரெயிலர் கட்டும் இடத்தில் இருக்கிறார். அந்த முதலாளிக்கு ஒரு வெல்டர் தேவைப்பட்டது. போனில் வீடியோவைப் போட்டு இவரை வேலை செய்து காட்டச் சொன்னாராம். வெல்டிங் பிடித்த இடத்தைக் கிட்டக் கொண்டுவரச் சொல்லிப் பார்த்தாராம், சிரித்தாராம். அவ்வளவுதான் நேர்முகப் பரீட்சை.

காலி வீதியில் ஒரு மாடிக் கட்டடத்தில் விசா வேலை பார்க்கும் பெண் ஒருவரிடம் போனோம். அவர் பொறுமையாக விளங்கப்படுத்தினார். அங்குள்ள முதலாளி பொறுப்பேற்றுக் கூப்பிட வேண்டும், கூப்பிடுகிற வேலை அரசாங்கத்தின் பட்டியலில் இருக்க வேண்டும். அந்த வேலையைத்தான் இவர் இங்கே அண்மைக்காலம் வரை செய்தார் என்று முதலாளியின் கடிதம் சொல்ல வேண்டும். சம்பளத்துக்கும் ஒரு கீழெல்லை உண்டு. அதைத் தாண்டினால் மட்டும் போதாது, அதே ஊரில் அதே வேலை செய்யும் உள்ளூர்க்காரருக்குக் கொடுப்பதைவிட ஒரு சதமும் குறையக் கூடாது. அந்த முதலாளி முதலில் சொன்ன தொகை காணாது என்று இந்தப் பெண் எழுத, அவர் மறுபேச்சில்லாமல் கூட்டிக் கொடுத்தார்.

திரும்பி வரும்போது, பஸ் கோட்டையைத் தாண்டிய பிறகு என் கணவர் சொன்னார்.

"அங்கன உள்ள வெல்டருக்கு என்னா குடுக்குறாங்களோ, அதேதான் எனக்கும் குடுக்கணுமாம். சட்டமாம்."

வீட்டுக்கு வந்து இதையே இரண்டு மகள்களுக்கும் சொன்னார். அடுத்த நாளும் சொன்னார். தொகை எவ்வளவு என்று பிள்ளைகள் கேட்டதற்கு அவருக்குச் சரியாக ஞாபகமில்லை. அந்த "அதேதான்" அவருக்குப் போதுமாக இருந்தது. அவர் எதற்காகப் போக ஆசைப்பட்டார் என்பதை நான் அப்போதே புரிந்துகொண்டிருக்க வேண்டும்.

கடிதத்தை எழுதும் பொறுப்பு என்னுடையது. அவருக்கு ஆங்கிலம் அவ்வளவாக வராது. கம்ப்யூட்டருக்கு முன்னால் உட்கார்ந்து, பதவி என்ற இடத்தில் வெல்டர் என்று அடித்தேன். பார்க்கச் சின்னதாக இருந்தது. ஒரு வெளிநாட்டு அரசாங்கத்துக்குப் போகிற கடிதம், இவரை யார் மதிப்பார்கள் என்று தோன்றியது. அழித்துவிட்டு வெல்டிங் சுப்பவைசர் என்று போட்டேன். கை ஓடத் தொடங்கிவிட்டது. எட்டுப் பேரை மேற்பார்வை செய்கிறார், வேலைகளைத் திட்டமிடுகிறார், தரத்தைப் பரிசோதிக்கிறார் என்றெல்லாம் அழகான ஆங்கிலத்தில் எழுதினேன். வெல்டிங் டோர்ச்சைக் கையில் பிடிக்கிறார் என்று மட்டும் எழுதவில்லை. சரியாக எழுதிவிட்டாயா என்று அவர் கேட்டார். ஓம் என்றேன்.

வேர்க்ஷொப் முதலாளியை எல்லோரும் ஹாஜியார் என்றுதான் சொல்வோம். நான் கொண்டுபோன கடிதத்தைப் பார்த்துச் சிரித்தார், மெனேஜர் என்று போட்டிருந்தாலும் கையெழுத்து வைத்திருப்பேன் என்றார். நான் தனியாகக் கொண்டுபோய்க் கொடுத்தபோது விசாப் பெண் சிரிக்கவில்லை. இவர் தன் கையாலேயே வெல்டிங் செய்கிறாரா, மற்றவர்களைக் கொண்டு செய்விக்கிறாரா என்று கேட்டார். இரண்டும்தான் என்றேன். விசா அதிகாரிகள் முதலாளிக்குப் போன் எடுத்து விசாரிப்பார்கள் என்றார். அன்று பின்னேரமே ஹாஜியாரைக் கூப்பிட்டு, யாராவது கேட்டால் கடிதத்தில் உள்ளபடியே சொல்லுங்கள் என்று படித்துப் படித்துச் சொன்னேன். அந்த மனுசன் சொன்ன வாக்கைக் காப்பாற்றுகிறவர்.

மூன்று மாதத்தில் பதில் வந்தது. அலுவலகத்தில் இருந்தே மின்னஞ்சலை வாசித்தேன். அவர்கள் கடிதத்தைச் சந்தேகிக்கவில்லை. நான் எழுதிய ஒவ்வொரு சொல்லையும் நம்பியிருந்தார்கள். கேட்கப்பட்ட வேலை வெல்டர், இவர் சமீப வருடங்களாகப் பார்த்ததோ மேற்பார்வை, ஆகவே வெல்டர் வேலைக்கான அனுபவம் காட்டப்படவில்லை, விண்ணப்பம் நிராகரிக்கப்படுகிறது. என் ஆங்கிலம் வென்றுவிட்டது.

மத்தியானமே ஹாஜியாரைத் தேடிப் போனேன். ஓம், விசா அதிகாரி ஒரு பெண் போன் எடுத்து, அவர் வெல்டிங் செய்வாரா என்று இரண்டு தரம் கேட்டதாம். என்னைப் பெருமையோடு பார்த்துக்கொண்டு அவர் சொன்னார்.

"நான் விட்டுக் குடுக்கல்ல மகள். அவரு கையால வேலை செய்ற ஆள் இல்ல, மத்த ஆக்கள வேலை வாங்குறவரு எண்டு சொன்னேன்."

அவருக்குப் பின்னால் ஒரு லொறியின் கீழே படுத்தபடி, முகமூடி போட்டுக்கொண்டு, என் கணவர் வெல்டிங் பிடித்துக்கொண்டிருந்தார். நான் வந்தது அவருக்குத் தெரியாது. அவர் வெளியே வருவதற்குள் திரும்பிவிட்டேன்.

வேறு கடிதம் கொடுக்கலாமா என்று விசாப் பெண்ணிடம் கேட்டேன். கொடுத்தால் இரண்டில் ஒன்று பொய்யாகிவிடும், பொய்க் கடிதம் கொடுத்தவர் என்று பெயர் விழுந்தால் வருடக்கணக்கில் உள்ளே விடமாட்டார்கள் என்றார். அந்த அவுஸ்திரேலியக்காரர் கொஞ்ச நாள் பார்த்துவிட்டு வேறு ஒரு நாட்டிலிருந்து ஆள் எடுத்துக்கொண்டார்.

கணவரிடம் நிராகரித்துவிட்டார்கள் என்று மட்டும் சொல்லியிருந்தேன், கடிதத்தில் ஏதோ பிழையாம் என்று. நான் எழுதியதில் பிழை வரும் என்று அவர் நினைக்கவேயில்லை, ஹாஜியார்தான் எதையோ மாற்றிக் கையெழுத்து வைத்துவிட்டார் என்று நினைத்தார். சில நாட்கள் சாப்பாட்டைப் பிசைந்துகொண்டே இருந்தார். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, பிள்ளைகள் அறநெறி வகுப்புக்குப் போயிருந்தார்கள். நாளைக்கு ஹாஜியாரிடம் கேட்கப் போகிறேன் என்றார். பதினெட்டு வருடம் உழைத்தவனைப் பற்றி எழுதிய நாலு வரியை ஏன் கெடுத்தீர்கள் என்று கேட்டுவிட்டு, அந்த இடத்தை விட்டே வந்துவிடப் போவதாகச் சொன்னார். இவ்வளவு கோபத்தை நான் அவரிடம் கண்டதில்லை.

எனக்கு வேறு வழி இருக்கவில்லை. ஹாஜியார் ஒரு சொல்லையும் மாற்றவில்லை என்பதை, நான் வெல்டர் என்று அடித்ததை, அழித்ததை, அந்த இடத்தில் என்ன போட்டேன் என்பதையெல்லாம் சொன்னேன். ஹாஜியார் போனில் சொன்னதும் நான் சொல்லிக்கொடுத்ததுதான் என்றேன். அவர் கதிரையில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தார். கோபம் எங்கே போனதென்று தெரியவில்லை. அது இருந்திருந்தால் நல்லது என்று நினைத்தேன்.

"வெல்டருன்னு எழுத ஒனக்கு வெக்கமா இருந்துச்சா?"

மெதுவாகத்தான் கேட்டார். ஓம் என்பதுதான் பதில். அதைச் சொல்லியிருந்தால் அவர் ஏசியிருப்பார், சில நாள் முகம் கொடுக்காமல் இருந்திருப்பார், பிறகு எப்போதாவது மன்னித்தும் இருப்பார். அவ்வளவும் எனக்குத் தெரிந்தது.

"இல்லையப்பா," என்றேன். "நல்லா இருக்கட்டுமெண்டுதான் எழுதினனான்."

அவர் சரி என்று தலையாட்டினார். எழுந்து சேர்ட்டை மாட்டிக்கொண்டு, வகுப்பு முடியும் நேரம் என்று சொல்லிப் பிள்ளைகளைக் கூட்டிவரப் போனார். நான் சொன்னது பொய் என்று தெரிந்துகொண்டுதான் போனார்.