மல்லாந்து படுக்கும் ஆசை

நான்கு வருடம் நான் படுத்துத் தூங்கியதில்லை. நாற்காலியில் சாய்ந்து, எதிரே ஸ்டூலில் காலை நீட்டி, கழுத்துக்குத் தலையணை முட்டுக் கொடுத்துக் கண்ணை மூடுவேன். மல்லாந்து படுத்தால் என் உடம்பே என் மேல் ஏறி உட்கார்ந்துகொள்ளும். மூச்சு நின்றுவிடும். உட்கார்ந்திருந்தாலும் சில நேரம் நிற்கும். நின்ற மூச்சைத் திரும்பக் கொண்டுவருவது என் கணவரின் வேலை. பக்கத்துக் கட்டிலில் படுத்தபடியே என் குறட்டையைக் கேட்டுக்கொண்டிருப்பார். குறட்டை அறுந்தால் கையை நீட்டித் தோளைத் தட்டி, "இழு" என்பார். நான் இழுப்பேன்.

அதனால் எண்பதுகளின் ஆம்பூர் என் நினைவில் பாதி கனவாகத்தான் இருக்கிறது. ஷூ கம்பெனியில் தோல் தரம் பிரிக்கும் வேலை எனக்கு. வடக்கு ஜன்னல் வெளிச்சத்தில் ஒவ்வொரு தோலாகப் புரட்டி, முள் கிழித்த கோடு, உண்ணி கடித்த புள்ளி, ஆறிய காயம் எல்லாம் பார்த்து ஒன்று, இரண்டு, மூன்று என்று ஒதுக்க வேண்டும். புரட்டிக்கொண்டே இருக்கும்போது கண் சொருகும். மேஜையிலிருக்கும் தோல் விரிந்து விரிந்து உழுத நிலமாகும், நான் அதன் மேல் செருப்பில்லாமல் நடந்து போவேன். விழித்தால் கை மட்டும் புரட்டிக்கொண்டிருக்கும்.

ஒரு நாள் கட்டிங் பிரிவுக்காரர் ஒரு தோலைக் கொண்டுவந்து என் முன் விரித்தார். நடுவில் ஒரு சாண் நீளத் தழும்பு. முதல் தரத்தில் போட்டிருந்தேன். அதன் மேல் ஒரு விரலை வைத்துக் காட்டிவிட்டுப் போனார், அதுதான் தாங்கவில்லை. என் கண்ணைப் பற்றி எனக்குக் கொஞ்சம் திமிர் உண்டு. அன்று சாயங்காலமே கணவரிடம், "வேலூருக்குப் போலாங்க. இப்டியே வுட்டா ஒரு நாள் நீங்க தட்டியும் நான் இழுக்க மாட்டேன்" என்றேன்.

வேலூர் ஆஸ்பத்திரி எடை மெஷினில் முள் கடைசிக் கோட்டில் முட்டி நின்றது. உடம்பு குறைய ஆபரேஷன்தான் வழி, ஆனால் சரியான எடை தெரியாமல் மயக்க மருந்து கொடுக்க முடியாது என்றார்கள். ஆம்பூரில் என்னை நிறுக்க ஒரே இடம்தான் இருந்தது, தோல் மண்டியில் உப்புத் தடவிய பச்சைத் தோல் கட்டு நிறுக்கிற தராசு. ஞாயிற்றுக்கிழமை ஆளில்லாத நேரம் பார்த்து ஏறினேன். நூற்று முப்பத்தாறு கிலோ. உலை வாயை மூடினாலும் ஊர் வாயை மூட முடியுமா? திங்கட்கிழமை பாக்கிங் பெண்கள், "இன்னாக்கா, எத்தினி எருமைத் தோலு வந்துச்சு?" என்றார்கள். "உப்பு எடையைக் கழிக்காம சொல்லிட்டாங்கடி" என்றேன். சிரித்துவிட்டு, பாத்ரூமில் போய் அழுதேன்.

இரைப்பையைக் குறுக்கித் தைக்கும் ஆபரேஷனை வெளிநாட்டில் கற்று வந்த சர்ஜன் ஒருவர் வேலூரில் இருந்தார். என் வயிற்றில் மூன்று தழும்புகள். பன்னிரண்டு வயதில் குடல்வால் வெடித்தது. பிறகு மகளை அறுத்து எடுத்தார்கள். பட்ட காலிலேயே படும் என்பதுபோல அடுத்த வருடமே குடல் அடைத்துக்கொண்டது. நான் தோலைத் தடவுவது போலவே அவர் தழும்புகளைத் தடவிப் பார்த்தார்.

"வெளித் தழும்பு பெருசில்லம்மா. உள்ள குடலு, ஈரல், வயித்துச் சுவரு எல்லாம் ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கிட்டிருக்கும். பிரிச்சாத்தான் இரைப்பைகிட்ட போக முடியும். பிரிக்கும்போது கிழிஞ்சா உயிருக்கு ஆபத்து. முடியாதுன்னு தோணிச்சின்னா ஒண்ணும் செய்யாம மூடிடுவேன்."

பயமாக இருந்தது. ஆனாலும் ஒட்டிக்கொண்டதைப் பற்றி எனக்குத் தெரியும். மேல்பூச்சு காய்வதற்குள் அடுக்கிவைத்தால் சித்திரை வெயிலில் இரண்டு தோல் ஒட்டிக்கொள்ளும். புதிதாக வந்தவர்கள் நடுவில் பிடித்து இழுத்து இரண்டையும் பாழாக்குவார்கள்.

"டாக்டர், நடுவுல இழுக்காதீங்க. ஓரத்துல ஒட்டாத எடமா பாத்து வெரலை வுட்டு, அங்கேர்ந்து மெதுவா வாங்க" என்றேன். கணவர் என் முழங்கையைக் கிள்ளினார்.

"எவ்வளவு நேரம் ஆகும்?" என்று டாக்டர் கேட்டார். கிண்டலாகக் கேட்கவில்லை.

"கடிகாரம் பாத்தா கிழியும்."

மகளை நாட்றம்பள்ளியில் நாத்தனார் வீட்டில் விட்டுவிட்டு வந்து கையெழுத்துப் போட்டேன். ஆபரேஷன் மேஜையில் படுக்கவைத்தபோது, "படுத்தா மூச்சு நின்னுடும்" என்று சொன்னேன். மயக்க மருந்து கொடுக்கும் டாக்டரம்மா, "இன்னிக்கு உங்க மூச்சு என் பொறுப்பு" என்றார். கதவுப் பக்கம் திரும்பிக் கணவரைத் தேடினேன். அதற்குள் வடக்கு ஜன்னல் திறந்துகொண்டது. ஊரளவுக்கு ஒரு தோல், அதற்குள் யாருடைய விரலோ மெல்ல மெல்ல நுழைந்துகொண்டிருந்தது. யாரும் எதையும் இழுக்கவில்லை.

விழித்தபோது மூக்கில் குழாய், மேலே மின்விசிறி. செய்தார்களா, மூடிவிட்டார்களா தெரியவில்லை. கேட்க வாய் வரவில்லை. வயிற்றுக் கட்டைத் தொட்டேன், கட்டு எதையும் சொல்லவில்லை. பிறகு பசியைத் தேடினேன். பிறந்ததிலிருந்து கூடவே இருந்தது, எங்கே போயிருக்கும்? மணல் மட்டும் ஓடுகிற பாலாற்றில் அதைத் தேடிக்கொண்டு நடந்தேன், திரும்பக் கட்டிலுக்கு வந்தேன், மறுபடி நடந்தேன். எத்தனை முறை என்று தெரியாது.

டாக்டர் வந்தார். அவர் கண்கள் சிவந்திருந்தன.

"பிரிக்கவே நாலு மணி நேரம் ஆச்சும்மா. ஓரத்துலேர்ந்துதான் வந்தேன். இரைப்பையைத் தைச்சாச்சு."

நான் அழுததில் குழாய் ஆடியது.

அதற்குப் பிறகு அரை டம்ளர் கஞ்சி குடிக்க அரை மணி நேரம். கல்யாண வீட்டு பிரியாணியில் மூன்று வாய்க்கு மேல் போனால் வாந்தி வந்தது. அந்த டாக்டரைச் சில நாள் மனசுக்குள் திட்டியிருக்கிறேன். மண்டித் தராசு மட்டும் மாதாமாதம் குறைத்துச் சொன்னது.

பத்தாவது மாதம், ஒரு ஞாயிறு மதியம். மகள் விளையாடப் போயிருந்தாள். கணவர் கடைக்குப் போயிருந்தார். பாயை விரித்து மல்லாந்து படுத்துப் பார்த்தேன். உடம்பு எப்போது மேலே ஏறும் என்று காத்திருந்தேன். ஏறவில்லை. காத்திருந்தபடியே தூங்கிப்போனேன்.

யாரோ இரண்டு தோளையும் பிடித்து உலுக்கினார்கள். "இழு. இழும்மா." கண்ணைத் திறந்தேன். கணவரின் விரல் என் மூக்கின் கீழே இருந்தது.

"இன்னாங்க?"

"சத்தமே வர்லியே. நீ போய்ட்டேன்னு நெனச்சிட்டேன்."

"தூங்கினேங்க. கொறட்டைதான் போயிடுச்சு."

அவர் கடைப் பையைச் சுவரோரம் நகர்த்தி வைத்தார். பிறகு என் பக்கத்தில் வெறும் தரையில் சாய்ந்தார். நான் அடுத்த வார்த்தை பேசுவதற்குள் குறட்டை விட ஆரம்பித்தார். நான்கு வருடத்தில் அவர் குறட்டையை நான் கேட்டதே இல்லை என்பது அப்போதுதான் உறைத்தது. அவர் தோளைத் தட்டாமல் கேட்டுக்கொண்டு படுத்திருந்தேன்.