மாத்திரை விஷயத்தை நான் சொன்ன பிறகு

கள்ளிக்குப்பத்தில் ஒரு வாடகை வீட்டின் மாடியில் அந்த மையம் நடந்தது. வழக்கமான பள்ளிகள் டி.சி. கொடுத்து அனுப்பிவிட்ட பதின்வயதுப் பிள்ளைகள் பதினோரு பேர் அங்கே படித்தார்கள். திறந்தநிலைப் பள்ளி வழியாக அவர்களைப் பத்தாம் வகுப்பு எழுத வைப்பது எங்கள் வேலை. நான் கணக்கு எடுத்தேன். மற்றவர்கள் கைவிட்ட பிள்ளைகளை நான் தேற்றிவிடுவேன் என்று சேர்ந்த புதிதில் ஒரு கர்வம் இருந்தது எனக்கு.

அவர்களில் ஒரு பெண் பதினைந்து வயதில் வந்தாள். கோபத்தில் டெஸ்க்கைத் தள்ளிவிட்டு இன்னொரு பெண்ணின் காலை முறித்துவிட்டாள் என்று பழைய பள்ளியில் எழுதியிருந்தார்கள். அதற்கு முன் வாரக்கணக்கில் அவள் தூங்காமல் இருந்ததை யாரும் எழுதவில்லை. அப்பா உடன் இல்லை. அம்மாவுக்கு அம்பத்தூர் எஸ்டேட்டில் தையல் கம்பெனி வேலை. மனநல டாக்டர் தினமும் இரண்டு வேளை மாத்திரை கொடுத்திருந்தார்.

முதல் இரண்டு வாரம் மேசைக்கடியில்தான் உட்கார்ந்திருந்தாள். நானும் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து நோட்டுத் திருத்துவேன். ஒருநாள் கீழேயிருந்து குரல் வந்தது.

"மிஸ், அந்த ஏழாவது கணக்கு தப்பு. நீங்க ரைட் போட்டுக்கினு கீறீங்க."

பார்த்தேன். அவள் சொன்னது சரி. அன்றிலிருந்து நோட்டுகளை அவளிடம் கொடுத்துவிட்டு அவள் திருத்துவதைப் பார்த்துக்கொண்டிருப்பேன். பரீட்சைக்குப் பணம் கட்டினோம். இவள் பாஸாகிவிடுவாள் என்று எல்லோரிடமும் சொன்னேன்.

ஒரு மதியம், சாப்பிட்டுக் கை கழுவும்போது, அவளாகவே சொன்னாள்.

"நான் மாத்திரை போட்டுக்கறதே இல்ல மிஸ். நாக்குக்கு அடியில வச்சிக்கினு, அம்மா அந்தாண்ட போனதும் துப்பிடுவேன்."

"ஏன்மா?"

"போட்டா மண்டையில பஞ்சு வச்சி அடைச்ச மாதிரி கீது. கணக்கே வரமாட்டேங்குது. ஊட்ல சொல்லாதீங்க மிஸ். ப்ராமிஸ் பண்ணுங்க."

சொல்ல மாட்டேன் என்றேன். அந்த வார்த்தையைக் கொடுத்திருக்கக் கூடாது. அவள் என்னை நம்பிவிட்ட சந்தோஷத்தில் கொடுத்துவிட்டேன்.

மூன்று நாள் பொறுத்தேன். பேச்சு வேகமாகிக்கொண்டே போனது. சிரிப்பு நிற்கவில்லை. நான்காம் நாள் மொட்டைமாடிக் கைப்பிடிச் சுவரில், காலை வெளிப்பக்கம் தொங்கவிட்டுப் பாடிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். இடுப்பைச் சுற்றிப் பிடித்து உள்ளே இழுத்தேன். இருவரும் தரையில் விழுந்தோம். அவள் சிரித்தாள். அன்றே அவள் அம்மாவை வரவழைத்துச் சொல்லிவிட்டேன்.

திட்டாதீர்கள், டாக்டரிடம் மருந்தை மாற்றித் தரச் சொல்லுங்கள் என்றேன். அம்மா முந்தானையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு கேட்டார்.

"நான் இன்னா பண்றது மிஸ்? ஷிப்டுக்குப் போறதா, அவ வாயைத் தொறந்து பாத்துக்கினு குந்தினு இருக்கறதா?"

டாக்டரிடம் நானும் பேசுகிறேன் என்றேன்.

மறுநாள் அவள் வந்தாள். உட்காரவில்லை.

"சொல்ல மாட்டேன்னு சொன்ன இல்ல?" என்றாள். என்னை அவள் ஒருமையில் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. நான் விளக்க ஆரம்பிப்பதற்குள் படியிறங்கிப் போய்விட்டாள்.

மூன்று தடவை வீட்டுக்குப் போனேன். கதவு திறக்கவில்லை. டாக்டர் மருந்தை மாற்றிக் கொடுத்திருந்தார். அதையும் அவள் போடவில்லை என்று அம்மா போனில் சொன்னார். ஹால் டிக்கெட் வந்ததும் தையல் கம்பெனிக்கே கொண்டுபோய் அவர் கையில் கொடுத்தேன். பரீட்சையன்று ஆவடியில் பரீட்சை மையமாக இருந்த பள்ளியின் கேட்டில் நின்றேன். வாட்ச்மேன் கேட்டைப் பூட்டி, "யாராச்சும் வரணுமா மேடம்?" என்றார். இல்லை என்று சொல்லிவிட்டு பஸ் ஏறினேன்.

அடுத்த வருஷம் அக்கம்பக்கத்தார் மையத்தின் சத்தம் தாங்கவில்லை என்றார்கள். வீட்டுக்காரர் காலி பண்ணச் சொன்னார். வேறு வீடு கிடைக்கவில்லை. மற்றப் பிள்ளைகளில் யார் எங்கே இருக்கிறார்கள் என்பது எனக்கு முழுதாகத் தெரியாது. நான் வானகரத்தில் ஒரு பள்ளியில் சேர்ந்துவிட்டேன்.

போன வருஷம் மார்க்கெட்டில் அவள் அம்மாவைப் பார்த்தேன். பெண்ணைப் பூந்தமல்லியைத் தாண்டி ஒரு மனநலக் காப்பகத்தில் சேர்த்திருப்பதாகச் சொன்னார்.

"இப்போ அமைதியா கீறா மிஸ்."

"படிக்கிறாளா?"

"அங்க அதெல்லாம் இல்ல. துணி மடிக்கறாங்க."

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவருடன் நானும் போனேன். அவள் பருத்திருந்தாள். முடியை ஒட்ட வெட்டியிருந்தார்கள். அம்மா கொடுத்த வாழைப்பழத்தை உரித்துச் சாப்பிட்டாள். என்னைத் தெரிகிறதா என்று கேட்டேன். "கணக்கு மிஸ்," என்றாள். எப்படி இருக்கிறாய் என்றேன். "நல்லா கீறேன்." நான் தப்புச் செய்யவில்லை என்று அவளுடைய டாக்டர் அப்போதே சொல்லியிருந்தார். காப்பகத்தின் பார்வையாளர் ஹாலில், அவளெதிரே, அது எனக்கு எந்த விதத்திலும் உதவவில்லை.

அதற்குப் பிறகு நான் போகவில்லை. அம்மா மட்டும் மாதம் இரண்டு ஞாயிறு போய்வருகிறார்.