கரையில் நின்ற கப்பலும் தங்கராசாவும்

காலை ஒன்பது மணிக்கு யாழ்ப்பாணம் பஸ் நிலையத்தடியில் தங்கராசாவைக் காரில் ஏற்றிக்கொண்டேன். மாமாவிடம் இரவல் வாங்கிய பழைய மொறிஸ் மைனர். 1964ஆம் ஆண்டு, சித்திரை வருஷப்பிறப்பு லீவு. நாங்கள் இருவரும் கொழும்பில் ஒரே கந்தோரில் கிளறிக்கல் வேலை பார்த்தோம். நாலு வருஷமாக வெள்ளவத்தையில் ஒரே அறை. ஒரு பார்சல் சோற்றை இரண்டாகப் பிரித்துத் தின்ற நாட்களும் உண்டு. பருத்தித்துறைக்கு அப்பால் கடற்கரையில் கப்பல் வடிவில் ஒரு கள்ளுத் தவறணை இருக்கிறது என்று கந்தோரில் யாரோ அளந்த நாளிலிருந்து எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. தங்கராசாதான் முதலில் மாட்டேன் என்றான்.

"கொழும்பு வேறை, ஊர் வேறை மச்சான். அங்கை எனக்கு என்ன மரியாதை கிடைக்குமோ?"

"நான் இருக்கிறன் எல்லே? ஆர் என்ன சொல்லுவினம், பாப்பம்" என்றேன்.

அவனுடைய தகப்பனார் பனையேறிக் கள் இறக்குகிறவர். யாழ்ப்பாணத்து வாசகருக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை. மற்றவர்களுக்குச் சொல்வதானால், இன்னாரின் மகன் இன்ன இடத்தில்தான் இருக்கலாம், இன்ன பாத்திரத்தில்தான் குடிக்கலாம் என்று எங்கள் பக்கத்தில் ஒரு கேடுகெட்ட முறை உண்டு.

பருத்தித்துறை இருபத்தொரு மைல். நீர்வேலியில் வாழைக்குலை ஏற்றிய லொறி ஒன்று வழிவிடாமல் எங்கள் பொறுமையைச் சோதித்தது. வல்லை வெளியில் காற்று காரைப் பிடித்துத் தள்ளியது. தங்கராசா தலையை வெளியே நீட்டி வாய்விட்டுப் பாடினான். நெல்லியடியில் தேத்தண்ணி குடிக்க நிறுத்தினேன். "எனக்கு வேண்டாம், நீ குடிச்சிட்டு வா" என்று அவன் காரிலேயே இருந்துவிட்டான். வெயிலுக்குத் தேத்தண்ணி பிடிக்கவில்லையாக்கும் என்று நினைத்தேன். என் புத்தி அவ்வளவுதான்.

பத்தரை மணிக்குத் தவறணையைக் கண்டோம். எங்கள் இருவருக்கும் சிரிப்பை அடக்க முடியவில்லை. உடைந்த பாய்க்கப்பலின் பலகைகளால் மணல்மேல் கட்டிய கப்பல். முப்பது அடி நீளம் இருக்கும். முன்னால் துருப்பிடித்த நங்கூரம், நடுவில் கொடிமரம், மேல்தளத்துக்கு ஏற மரப்படி. முதலாளி ஒரு காலத்தில் கப்பலோடியவர். வெள்ளைத் தொப்பியும் சாரமுமாக நின்றார். எல்லோரும் அவரைக் கப்பித்தான் என்றே கூப்பிட்டார்கள். ஆள் ஏற ஏற மணி அடிப்பார். கள் ஒரு போத்தல் அறுபது சதம். ஆனால் படியடியில் இருந்த மேசையில் பிரயாணிகள் பட்டியலில் பதியாமல் ஒரு சொட்டும் கிடையாது.

பெயர், ஊர், தகப்பன் பெயர், தகப்பன் தொழில். எல்லாம் பகிடி என்று நினைத்துச் சிரித்துக்கொண்டே சொன்னேன்.

"அட, வாத்தியாற்றை மகனே! உம்மடை ஐயாவை எனக்கு நல்லாத் தெரியும்" என்று கப்பித்தான் என் தோளில் தட்டினார். பிறகு தங்கராசாவிடம் திரும்பினார். "தம்பியின்ரை ஐயாவுக்கு என்ன தொழில்?"

அவன் ஏதாவது பொய் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

"மரமேறிக் கள்ளிறக்கிறவர்."

எழுதிக்கொண்டிருந்த பேனை நின்றது. கப்பித்தான் கோபிக்கவில்லை. சிரித்தார்.

"அப்ப தம்பிக்குக் கீழ்த்தளம். பின்பக்கத்தாலை போம். எல்லாரும் மேலை ஏறினால் கப்பல் சாஞ்சு போமெல்லே?"

மேலே இருந்தவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். கீழ்த்தளம் என்றது கப்பலுக்குப் பின்னால் இருந்த வெறும் மணலை. அங்கே இரண்டு பேர் வெயிலில் குந்தியிருந்து தேங்காய்ச் சிரட்டையில் குடித்துக்கொண்டிருந்தார்கள். என் கையில் கண்ணாடிக் கிளாஸ் ஒன்றைத் திணித்தார் கப்பித்தான்.

தங்கராசா என்னைப் பார்த்தான். "வா, போவம்" என்று நான் சொல்லியிருந்தால் போதும். அவனுக்காக நான் இறங்கிப் போனால் ஐயாவின் காதுக்குக் கதை போய்விடும் என்ற பயத்தில் வேறு எதையோ உளறினேன்.

"ஒரு கிளாஸ்தானே மச்சான். வந்தது வந்திட்டம், குடிச்சிட்டு உடனை வெளிக்கிடுவம்."

"உந்தக் கள்ளை மரத்தாலை இறக்கினது ஆரெண்டு உவரைக் கேள்" என்று சொல்லிவிட்டு அவன் நடந்தான்.

நான் உடனே பின்னால் ஓடவில்லை. எழுதவே வெட்கமாயிருக்கிறது: கையிலிருந்த கிளாஸை முழுவதும் குடித்துவிட்டுத்தான் போனேன்.

பதினொன்றேகாலுக்குப் பஸ் தரிப்பிடத்தில் அவனைப் பிடித்தேன். காரின் கதவைத் திறந்துவிட்டேன்.

"ஏறு மச்சான். அந்தாள் ஒரு விசரன், அவரோடை என்ன கோவம்?"

"அவரோடை எனக்கென்ன கோவம்? அவரை நான் இண்டைக்குத்தானே கண்டனான்."

பஸ் வந்தது. ஏறிப் போய்விட்டான். லீவு முடிந்து கொழும்புக்குப் போனபோது அறையில் அவனுடைய பெட்டி இல்லை.

தவறணை இருந்த ஊரின் பெயரைத் தெரிந்தேதான் எழுதாமல் விடுகிறேன். எழுதினால் அந்த ஊரில் மட்டும்தான் இப்படி என்று நினைத்து நிம்மதியாகத் தூங்குவீர்கள். அன்று வீடு வந்து சேரும்வரை கப்பித்தானைத் திட்டித் தீர்த்தேன். எங்கள் வீட்டு வாசல் படலையடியில் காரை நிறுத்தியபோதுதான் எனக்கு உறைத்தது. தங்கராசாவின் வீடு எங்கள் வீட்டிலிருந்து இரண்டே மைல். அந்த நாலு வருஷத்தில் எத்தனையோ லீவுகளில் ஒன்றாக ஊருக்கு வந்திருக்கிறோம். ஒருநாளாவது அவனை எங்கள் வீட்டுக்கு வா என்று நான் கூப்பிட்டதில்லை. ஏன் என்று அவனும் கேட்டதில்லை. எல்லாம் தெரிந்தவன்தான். வீட்டுக்கு வெளியிலாவது நான் வேறு ஆளாக இருப்பேன் என்று நம்பித்தான் அன்று காலை காரில் ஏறியிருக்கிறான்.